பாலத்தில் வேகம் குறையும் இடம்

விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு டிவிகள் அருகருகே நிற்கின்றன. இடது பக்கம் இருப்பதில் பழைய விளையாட்டு ஓடும். வலது பக்கம் இருப்பதில் அதே விளையாட்டு புதிதாக்கப்பட்டு ஓடும். என் மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பான். அதுதான் அவன் வேலை. அவனுடைய சிறு குழு வேறு வேறு ஊர்களில் இருந்துகொண்டு கணினி வழியாக அவனோடு பேசும்.

பழைய வீடியோ கேம்கள் பழைய பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பெட்டிகள் இப்போது கடையில் இல்லை. விளையாட்டின் உரிமையை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், இப்போதைய பெட்டிகளில் ஓடும்படி அதை மாற்றித் தரச் சொல்லி இவர்களிடம் கொடுக்கின்றன. ரீமாஸ்டர் என்கிறார்கள். காலையில் என்னோடு நடக்க வரும் ஓய்வூதியக்காரர் ஒருவர், "பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அடிக்கிற மாதிரியா சார்?" என்று கேட்டார். மகனிடம் சொன்னேன். "கலர் அடிக்கிறது லேசுப்பா. ஆடுறவன் கைக்கு அது பழையபடி இருக்கணும். அங்கதான் உசுரு போகுது" என்றான்.

போன வருடம் ஒரு மதியம் அவன் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து, ஏதோ நல்ல செய்தி என்று நினைத்தேன்.

"அப்பா, எந்த கேம் நமக்கு வந்திருக்கு தெரியுமா? நீங்க ஏலம் விட்டீங்களே, அதேதான்!"

மருமகள் சிரித்தாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். அவர்கள் கல்யாண வரவேற்பிலேயே அவன் அதை மைக்கில் சொல்லியிருக்கிறான். நானும் சிரித்தேன். அவனுக்குத் தெரிந்த கதையில் நான் கண்டிப்பான நல்ல அப்பா. நடந்தது வேறு.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கும் ஆங்கிலமும் எடுத்தவன். கடைசியில் உதவித் தலைமையாசிரியராக இருந்தேன். மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், வேகத்தடையில் ஸ்கூட்டர் சரிந்து என் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தேன். மனைவியும் ஆசிரியை. காலையில் அவளும் மகனும் பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் டிவியும் மட்டும். டிவிக்குக் கீழே, அவனுடைய தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேம் பெட்டி இருந்தது. அதற்கு முன்னால் பையன் இப்படிப் பழியாகக் கிடக்கிறானே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் போட்டேன்.

தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு வீரன், மலைக்கோட்டையில் சிறைப்பட்ட தன் ஆட்களை மீட்கப் போகிறான். வழியெல்லாம் சண்டை. முதல் நாள் நான் கோட்டை வாசலைக்கூடத் தொடவில்லை. மறுநாளும் போட்டேன். ஏன் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அதில் தோற்றால் யாரும் பார்ப்பதில்லை. பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, மறுபடி ஆடு என்று விடும். ஒரு உதவித் தலைமையாசிரியனுக்கு அப்படித் தோற்றுப் பார்க்க வேறு இடம் கிடையாது. மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அவர்கள் வரும் நேரத்துக்கு எல்லாவற்றையும் அணைத்து, பெட்டியின் சூடு ஆற மேலே விசிறியை ஓடவிட்டு, கையில் நாளிதழோடு படுத்துக்கொள்வேன்.

சில வாரங்களில் மகனைத் தாண்டிவிட்டேன். அவன் ஒரு கயிற்றுப் பாலத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நின்றான். தினமும் சாயந்திரம் அவன் அதில் விழுவதை நான் கட்டிலிலிருந்தே பார்ப்பேன். பாலத்தின் நடுவில் பலகை இல்லாத ஓர் இடைவெளி. அதைத் தாவ வேண்டும். சாதாரணமாகத் தாவினால் எட்டாது. ஆனால் ஒரு மதியம் நான் தாமதித்தேன். அப்போது தீவட்டி பிடித்தவர்கள் இரண்டு பக்கமிருந்தும் கூட்டமாக வந்தார்கள். திரை முழுக்கப் புகை. அத்தனை பேரையும் அத்தனை புகையையும் காட்ட அந்தப் பெட்டிக்கு முடியவில்லை. படம் தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவானது. அந்த மெதுவில் விரலுக்கு நேரம் கிடைத்தது. பலகையின் கடைசி நுனிவரை ஓடித் தாவினேன். மறுபக்கம் போய் விழுந்தேன். மாவுக்கட்டுக் காலோடு வீட்டில் தனியாகக் கத்தினேன்.

அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆட்டம் எதுவரை வந்தது என்பதைப் பெட்டியில் செருகியிருக்கும் ஒரு சின்ன அட்டை சேமித்து வைக்கும். அதில் இடமில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்தின் மேல் எழுதட்டுமா என்று திரை கேட்டது. இருந்தது மகனுடைய ஆட்டம். கேள்வி எளிய, தெளிவான ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் எடுத்தவன் நான். புரியாமல் அழுத்திவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆம் என்று அழுத்தினேன்.

பிறகுதான், அவன் வந்து பார்த்தால் பாலம் தாண்டிய ஆட்டம் ஒன்று அங்கே இருக்குமே என்று உறைத்தது. அதையும் அழித்தேன். அட்டை வெறுமையானது.

சாயந்திரம் அவன் அட்டையைக் கழற்றி ஊதித் திரும்பச் செருகிப் பார்த்தான். "யாராச்சும் இதத் தொட்டீங்களாப்பா?"

"நான் ஏன் தொடுறேன்? மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அதுல போயிருக்கும்."

நம்பினான். பொய் சொன்ன பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிறவன் என்று என்னைப் பள்ளி முழுக்கத் தெரியும். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். இழந்ததைப் பிடிக்க முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்தான். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. "அந்தச் சனியன என்னமாச்சும் பண்ணுங்க" என்றாள் மனைவி.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அந்தச் சமயத்தில்தான் வரும். வயல் உள்ளவர்கள் நெல், பூசணி, வாழைத்தார் கொண்டுவருவார்கள். எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்கள் கோழியோ கேக்கோ வாங்கி வைப்போம். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். திரும்ப ஏலத்துக்கே கொடுக்கலாம். பிரியப்பட்டவர் கையில் கொடுத்துவிட்டும் போகலாம். இதெல்லாம் வழக்கம். நான் அந்த வருடம் கேம் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் காணிக்கை மேசையில் வைத்தேன். மகனிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

படிப்புக்காகச் செய்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால், நான் அழித்துவிட்ட படிகளில் அவன் மறுபடி ஏறிக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்க எனக்கு முடியவில்லை. அதோடு, கட்டு பிரித்து நான் பள்ளிக்குப் போன பிறகும் வகுப்பில் என் புத்தி பாலத்தின் மறுபக்கத்திலேயே நின்றது. பெட்டி வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. எந்தக் காரணம் பெரியது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏலம் போட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் துண்டை விலக்கிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "அடுத்தது நம்ம சார் வீட்டு வெளைச்சல்! இது கூவாது, கொத்தாது, முட்டையும் போடாது. தொறந்தா பூராம் சண்டைதான்! கேளுங்கண்ணே கேளுங்க!"

கூட்டம் சிரித்தது. மகன் அப்போதுதான் பார்த்தான். அவன் அம்மா ஏலத்தில் எடுத்த கோழியைக் கால்கட்டோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

பெட்டியை எடுத்தவர் ஒத்தக்கடைப் பக்கத்து விவசாயி ஒருவர். அவர் எங்கள் சபை ஆள் இல்லை, இந்து. அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்த குடும்பம். இவர்தான் முதலில் சொந்தமாக நிலம் வாங்கியவர். அவர் மகன் எங்கள் பள்ளியில் படித்ததால் வருடந்தோறும் பண்டிகைக்குப் பூசணிக்காய்களோடு வந்துவிடுவார். பெட்டியை எடுத்தவர் நேரே என் மகனிடம் போனார்.

"தம்பி, கோழிய இப்பிடிக் கக்கத்துல வையி. ம், இந்தா, இதப் புடி." பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள மொகத்தப் பாருங்க சார். எனக்கெதுக்கு இந்தச் சாமான்? அவனே வச்சுக்கிறட்டும்" என்றார்.

மகன் கோழியை இடுக்கிக்கொண்டு மற்றக் கையால் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தான். நான் போய் அதை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் திரும்ப வைத்தேன்.

"காணிக்கையா வச்சது. கொண்டுவந்த வீட்டுக்கே திரும்பப் போகக் கூடாது. மறுபடி ஏலம் விடுங்க."

அப்படி ஒரு விதி கிடையாது. முந்தின வருடம் என் மனைவி தான் வைத்த கேக்கைத் தானே ஏலத்தில் எடுத்து வந்தாள். அது எனக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது. சிலர் கைதட்டினார்கள். ஒத்தக்கடைக்காரர் மட்டும், "என்னமோ சார், ஒங்களுக்குத் தெரியாததா" என்று தலையைச் சொறிந்தபடி ஒதுங்கினார். இரண்டாவது ஏலத்தில், பேரையூரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் எடுத்தது. ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு போதகர், அருமையானதைக் கொடுக்கத் துணிந்த ஒரு தகப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது பணிவாகத் தெரிந்திருக்கும்.

மகன் படித்தான். பொறியியல் சேர்ந்தான். சென்னையில் சில வருடம் இருந்துவிட்டு, அவன் அம்மா போன பிறகு என்னோடு இருக்க இங்கேயே வந்தான். "அன்னைக்கு அப்பா மட்டும் பிடுங்கலன்னா நான் எங்கயோ கிடந்திருப்பேன்" என்பான். கசப்பே இல்லாமல் சொல்வான். என் மனைவியும் அதை நம்பியே போனாள்.

அந்த விளையாட்டு திரும்ப வீட்டுக்கு வந்ததும் நான் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். முழங்கால் வலி என்றேன்.

வேலை நன்றாகத்தான் போனது, பாலம் வரும்வரை. அந்த விளையாட்டைச் சிறுவயதில் ஆடிய சிலரை வைத்து வெளிநாட்டு நிறுவனம் புதியதை ஆடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. எல்லாம் சரி, பாலம் மட்டும் பழைய பாலம் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். என்ன வித்தியாசம் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. முன்பு தாண்டினோம், இப்போது முடியவில்லை, அவ்வளவுதான். மகனும் குழுவும் தாவும் தூரத்தை அளந்தார்கள், இடைவெளியை அளந்தார்கள். பழையதும் புதியதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. அடுத்த முறை ஆடிப் பார்ப்பதற்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. குழுவில் இருவருக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

"எங்க டீம்ல பூராம் சின்னப் பசங்க. ஒருத்தனும் அத அந்தக் காலத்துல ஆடல" என்று சாப்பிடும்போது தன் மனைவியிடம் சொன்னான். "ஆடுன ஒரே ஆளு நான். நானும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன். ஒரே ஒரு தடவ தாண்டியிருந்தாக்கூடச் சொல்லியிருவேன்."

"ஒங்க அப்பாட்ட கேளுங்க, யாருக்கு வித்தாருன்னு. போய்க் கேட்டு வருவோம்" என்றாள் மருமகள் விளையாட்டாக.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பல நாள் சொல்லவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுவதைப் பார்த்துக்கொண்டே, எல்லாம் தெரிந்தவனாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பெட்டியைப் பிடுங்கியபோது எனக்கு நடுவயது. இதைச் செய்தபோது எழுபதைத் தாண்டியவன். இரண்டில் இதுதான் மோசம்.

ஒரு மதியம் மருமகள் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறினேன்.

"என்னப்பா, முழங்கால் வலின்னீங்க? கூப்பிட்டா நான் வந்திருப்பேன்ல?"

"அந்தப் பாலத்தப் போடு, பாப்போம்."

"எதுக்கு? ஏலம் விடவா?" என்று சிரித்துக்கொண்டே போட்டான்.

இரண்டு டிவியிலும் பாலம் வந்தது. தீவட்டிக்காரர்கள் வந்தார்கள். புகை எழுந்தது. வலது பக்கம் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அது நான் எதிர்பார்த்ததுதான். இடது பக்கமும் அப்படியே ஓடியது.

"இது பழைய பெட்டியா?"

"பெட்டி இல்லப்பா. பெட்டி மாதிரியே நடிக்கிற ஒரு புரோகிராம். கம்ப்யூட்டர்ல ஓடுது."

"அதுக்கு மூச்சு வாங்காதா?"

அவன் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றீங்க?"

"தீவட்டிக்காரங்க சேர்ந்து வந்து புகையும் கூடுனா அந்தப் பெட்டிக்கு முடியாது. படம் அப்பிடியே மெதுவாப் போகும். அந்த நேரத்துலதான் தாவணும். இது ரெண்டுலயும் அது வரல."

"யார் சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நான் தாவியிருக்கேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட மதியங்கள், அட்டையில் ஆம் என்று அழுத்தியது, கரண்ட் என்று சொன்னது, ஏலம். வரிசையாகச் சொன்னேன், வகுப்பில் சொல்வது போல. திரையில் அவனுடைய வீரன் ஆட ஆளில்லாமல் நின்று அடிவாங்கி விழுந்தான். மறுபடி பாலத்தின் முனைக்கு வந்து நின்றான்.

"எம்புட்டு மெதுவாகும்?" என்று கேட்டான் மகன்.

"என்னது?"

"படம்ப்பா. பாதியா? அதவிடக் கொறச்சலா?"

வாயால் சொல்லத் தெரியவில்லை. மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். முதலில் வீரனின் ஓட்டம், பிறகு அது இழுபடுவது, பிறகு தாவல். அவன் செல்லில் அதைப் பதிவு செய்தான். "இன்னொருதரம் தட்டுங்க." தட்டினேன். "போதும்ப்பா. நீங்க கீழ போய்ப் படுங்க." அதற்குள் குழுவில் யாரையோ அழைத்துவிட்டான்.

உண்மையான பழைய பெட்டி ஒன்றையும் பின்பக்கம் பெருத்த அந்தக் காலத்துப் படக்குழாய் டிவி ஒன்றையும் எங்கிருந்தோ வரவழைத்தார்கள். அது மெதுவானது. நான் தட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று மருமகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். புதிய பெட்டிக்கு எவ்வளவு கூட்டமும் புகையும் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பாலத்தின் நடுவில் மட்டும் அது வேண்டுமென்றே மெதுவாகும்படி எழுதினார்கள். ஓடத் தெரிந்ததற்கு மூச்சு வாங்கக் கற்றுக்கொடுத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் தாண்டினார்கள். வேலை இவர்களிடமே இருந்தது.

மகன் என்னிடம் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று கேட்டான்.

"கரண்ட்டுன்னீங்கள்ல?"

"ஆமா."

"மறுநாள் பூத்துலருந்து கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டுனேன். அந்தாளு, 'தம்பி, நேத்து ஒங்க ஏரியால கரண்டே போகல'ன்னாரு. பொய் சொல்றான்னு நெனச்சேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

எழுந்து கை கழுவப் போனான். தட்டில் பாதிச் சோறு இருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்க்காமல், "பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன மாமா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கோட்டைச் சமையல்கட்டு. அதுக்கு மேல நான் போகல."

"அந்தச் சமையல்கட்டத்தான் நாங்க மாசக்கணக்கா கட்டிட்டு இருக்கோம்" என்று குழாயடியிலிருந்து அவன் குரல் வந்தது. அதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

இந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு மூவரும் போனோம். ஏலம் முடிந்து கறிச்சாப்பாடு. ஒத்தக்கடைக்காரர் கைத்தடியோடு வந்து எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். இப்போதும் பூசணிக்காய் கொண்டுவருகிறார். வருடாவருடம் போல மகனைச் சீண்டினார்.

"தம்பி, ஒங்கப்பா ஒங்கையில இருந்து பெட்டியப் புடுங்குன கதையச் சொல்லு. மருமக கேக்கட்டும்."

"அவ கேட்டுட்டா ஐயா. இனிமே அந்தக் கதைய அப்பாதான் சொல்லணும்" என்றான் மகன். எலும்பைக் கடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

சொன்னேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒத்தக்கடைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப, கோயில் மொறையின்னு நீங்க சொன்னது?"

"அப்பிடி ஒரு முறை இல்ல."

"நான் ஒங்களப் பாத்துட்டுப் போயிச் செஞ்சேன் சார்." குரலை உயர்த்தவில்லை. "எம்மவன் ப்ளஸ் டூ வந்தப்ப, அவன் கைச்செலவு மிச்சம் புடிச்சு ஒரு செல்போன் வாங்குனான். அவங்கம்மா கத்துனா. நான், சாரு என்ன பண்ணுனாருன்னு நெனச்சுப் பாத்தேன். புடுங்கிக் கெணத்துல போட்டேன். சார் மாதிரி அப்பனா இருக்கணும்னு. அவன் கோயம்புத்தூர் போயி இம்புட்டு வருசமாச்சு. பொங்கலுக்கு வாரேம்பான். வந்தா அவங்கம்மாட்டதான் பேசுவான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. இடது கையால் சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார். கண்ணுக்கு அருகில் வைத்து எண்ணைத் தேடினார்.

"இப்ப எங்கிட்ட சொன்னீங்கள்ல, அத அப்பிடியே அவங்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க."

அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினார். ஒரு கை எச்சில், மற்றக் கையில் தட்டு. தடுமாறினேன். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. மகன் எழுந்து வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டான்.